பதில் வரும் வரை பிள்ளையைப் பதம் பார்க்காதீர்கள்!

ஒரு கேள்வி. டிகிரி முடித்து, மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, 'இன்னும் பதில் வரலையே' என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் யாராவது உண்டா? உண்டென்றால், இன்றைக்கு மட்டும் எத்தனை தடவை அந்தப் பிள்ளையிடம் 'ஏதாச்சும் தெரிஞ்சுதா?' என்று கேட்டிருப்பீர்கள்? வீட்டிலுள்ள மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை போதவில்லையா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகும் ரோட்டில் இருக்கிறது எங்கள் தேவர்சோலை. நாலாபுறமும் தேயிலை. மழைக்காலம் பிடித்துக்கொண்டால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சளி, மூட்டுவலி, சேற்றுப்புண் என்றுதான் வருவார்கள். ஆனால் சில வருஷங்களாக மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் இன்னொரு ரகமும் வந்து உட்காருகிறது. வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. 'வயிறு உப்புசமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது, முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது...' நாடி பார்த்தால் வாதம் ஓங்கி நிற்கும். ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மெதுவாகப் பேச்சுக் கொடுத்தால்தான் சங்கதி வெளியே வரும். விண்ணப்பம் போட்டிருக்கிறது. பதில் வரவில்லை!

எல்லாப் படிப்புக்கும் இந்தக் காத்திருப்பு உண்டுதான். ஆனால் சைக்காலஜி எம்.எஸ்ஸி., எம்.ஏ., கிளினிகல் சைக்காலஜி என்று போட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் பாடு கொஞ்சம் கூடுதல் பாடு. காரணம், வீட்டுக்காரர்களுக்கு அது என்ன படிப்பென்றே சரியாகத் தெரியாது. டாக்டர், என்ஜினீயர், பி.எட். என்றால் புரியும். சைக்காலஜி என்றதும், 'பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கிற படிப்பா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அது?' என்று அத்தைமார் ஆரம்பித்துவிடுவார்கள். 'மனசைப் பத்திப் படிச்சவளுக்கே மனசு சரியில்லைன்னா, இவ யாருக்கு என்ன சொல்லப் போறா?' என்று அப்பா ஒரு கிண்டல் அடிப்பார். பல் டாக்டருக்குப் பல்வலி வராதா, சார்? இருதய டாக்டருக்குப் படபடப்பு வராதா? மனசைப் பற்றிப் படித்தவர்களுக்கும் மனசு என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிலுக்குக் காத்திருக்கும் பிள்ளை 'சும்மா இருக்கும்' பிள்ளை அல்ல. உடம்பையும் மனசையும் கசக்கும் ஒரு வேலையை அது இருபத்துநாலு மணி நேரமும் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலையை லேசாக்குவதும் பாரமாக்குவதும் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

'தெரியாது' என்பதுதான் பெரிய வலி

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒரு சோதனை நடத்தி 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் பாறைகள். பாறைக்கடியில் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று ஒரு சின்ன மின் அதிர்ச்சி. கலந்துகொண்டவர்களின் வியர்வை, கண்ணின் கருமணி விரிவு எல்லாவற்றையும் அளந்தார்கள். 'நிச்சயம் ஷாக் அடிக்கும்' என்று தெரிந்தபோது அவர்கள் பட்ட அவஸ்தையைவிட, 'அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம்' என்று பாதிக்குப் பாதி இருந்தபோது பட்ட அவஸ்தைதான் அதிகம்!

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்ல லண்டன் வேண்டியதில்லை. செத்தாரா பிழைத்தாரா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்களைக் கேளுங்கள். கெட்ட சேதி வந்தபிறகு அழுது தீர்த்துவிடலாம். சேதியே வராத நேரத்தை எப்படித் தீர்ப்பது?

இன்னொன்றும் உண்டு. முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் வேலையை மனசு லேசில் விடாது. 1927-லேயே புளூமா ஜைகார்னிக் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இதை எழுதி வைத்தார். முடித்த வேலைகளைவிடப் பாதியில் நின்ற வேலைகள்தான் ஞாபகத்தில் அதிகம் தங்குகின்றன என்பது அவர் கண்டது. விண்ணப்பம் என்பது பாதியில் நிற்கும் வேலை. நாம் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. மீதியை முகம் தெரியாத யாரோ செய்ய வேண்டும். அதனால்தான் அந்தப் பிள்ளை சோற்றைப் பிசைந்தபடியே எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. திமிர் இல்லை, சோம்பலும் இல்லை.

ஏன் இத்தனை காத்திருப்பு?

வீட்டிலுள்ளவர்கள் இந்தப் படிப்பின் படிக்கட்டைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறைந்துவிடும்.

பி.எஸ்ஸி. சைக்காலஜி மூன்று வருஷம். அதன்பிறகு எம்.எஸ்ஸி. அல்லது எம்.ஏ. இரண்டு வருஷம். அத்தோடு முடிந்ததா? இல்லை. மனநோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரும் 'கிளினிகல் சைக்காலஜிஸ்ட்' ஆக வேண்டுமானால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இடத்தில், ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு கூடிய படிப்பை முடித்து, கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். 1992-ம் வருஷச் சட்டப்படி அமைந்த கவுன்சில் அது. நீண்ட காலமாக அந்தப் பயிற்சிப் படிப்பு இரண்டு வருஷ எம்.ஃபில்.தான். பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் என்று நாடு முழுக்க எண்ணிக்கையான இடங்கள். ஒவ்வொன்றிலும் எடுப்பது மிகச் சிலரை. எழுதுகிறவர்களோ ஏராளம்.

ஆக, ஒரே பிள்ளை இந்த ஏணியில் இரண்டு தடவை, மூன்று தடவை காத்திருக்க வேண்டியிருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது. அந்தத் தேர்வு எழுதி மார்க் வந்ததோடு கதை முடியாது. பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகத் தனித்தனியே பதிந்து, தனித்தனிப் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டும். பாண்டிச்சேரி ஒரு தேதி சொல்லும், இன்னொன்று வேறு தேதி சொல்லும். கோவை பாரதியார், சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி விண்ணப்பம். ஒரு இடத்தில் கட்டிய ஃபீஸைத் திரும்ப வாங்குவதா, இன்னொரு இடத்தின் மூன்றாவது பட்டியலுக்குக் காத்திருப்பதா என்று பிள்ளைகள் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

இதற்கு நடுவே விதியும் மாறுகிறது. எம்.ஃபில். பட்டத்தையே 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிமுறை நிறுத்தியது. கிளினிகல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை தவணை கொடுத்தார்கள். அது போதாதென்று, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் சைக்காலஜிக்குப் புதிய சேர்க்கை கூடாது என்றும் யு.ஜி.சி. சொல்லிவிட்டது. நோயாளியைப் பார்க்காமல், தபாலில் படித்துவிட்டு ஆலோசனை சொல்லக்கூடாது என்பது நியாயம்தான். வைத்தியன் என்ற முறையில் எனக்கும் அதில் உடன்பாடே. ஆனால் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிக்கலாம் என்று நினைத்திருந்த பெண்ணுக்கு அந்தக் கதவு மூடிக்கொண்டது. இனி மலையிறங்கிப் போய், ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். கிடைக்கிற ஒரு சீட்டின் மதிப்பு அதனால் இன்னும் ஏறிவிட்டது.

வெளிநாட்டுக்குப் போடுகிறவர்கள் கதை இன்னும் நீளம். அமெரிக்காவில் சைக்காலஜி பிஎச்.டி.க்கு டிசம்பர் முதல் பாதியில் விண்ணப்பம் முடியும். ஜனவரி முதல் மார்ச் வரை நேர்முகம். உதவித்தொகையோடு இடம் கிடைத்த மாணவர் ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம் என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு அந்த 15-ந்தேதி சாயங்காலம் வரை சோறு இறங்காது!

வீட்டார் செய்யும் மூன்று காரியங்கள்

முதலாவது, ஏற்கெனவே சொன்ன அந்தத் தினசரி விசாரணை. 'ஃபீஸ் கட்டினது நாங்க, கேக்கக் கூடாதா?' என்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை, பிள்ளையோடு உட்கார்ந்து, எந்த எந்த இடத்துக்குப் போட்டிருக்கிறது, எங்கே என்ன நிலைமை என்று பேசுங்கள். மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சே வேண்டாம். பதில் வந்தால் உங்களிடம் சொல்லாமல் மறைத்து வைத்துக்கொள்ளவா போகிறார்கள்?

இரண்டாவது, ஒப்பீடு. 'சித்தப்பா மகன் ஐ.டி. கம்பெனியில சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு' என்பது. சொல்லும்போது நமக்குச் சாதாரணப் பேச்சு. கேட்கிற காதில் அது 'நீ தோத்துட்ட' என்றுதான் விழும். ரிசல்ட்டே வராத பரீட்சைக்கு வீட்டிலேயே ஃபெயில் மார்க் போடுகிற வேலை இது.

மூன்றாவதுதான் மோசம். 'சும்மாத்தானே இருக்கா, ஜாதகத்தை எடுப்போமே' என்று ஆரம்பிப்பது. காத்திருக்கும் நான்கு மாதத்தில் பெண் பார்க்கும் படலம் நடந்து, சீட்டு வந்த அன்றைக்கு நிச்சயதார்த்தத் தேதியும் வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாணம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்கு மறுக்கத் தெம்பில்லாத சமயம் பார்த்து அதைச் செய்யாதீர்கள் என்கிறேன். கால் உடைந்து கட்டுப் போட்டிருப்பவனை ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிடுவோமா?

காத்திருப்பு எங்களுக்குப் புதிதா?

'நாங்க படாத பாடா? எங்க காலத்துல...' என்று தாத்தா, பாட்டிகள் சொல்வதுண்டு. எங்கள் கூடலூர்ப் பக்கத்தில் அப்படிச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

1964 அக்டோபர் 30-ந்தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எழுதினார்கள். மீதி 1,50,000 பேரின் கதி பத்து வருஷம் கழித்து 1974-ல்தான் முடிவானது. யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல், விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட் வருமா வராதா என்று வருஷக்கணக்கில் லயத்துக் காம்பிராவில் காத்திருந்தவர்கள்தான் பின்னால் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ அதிலிருந்து வந்ததுதான்.

நிலத்துக்குக் காத்திருப்பதும் இங்கே உண்டு. கூடலூர் ஜென்மி நில ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. 1974-ல் அமலுக்கு வந்தது. அதன்பின் பிறந்தவர்கள் தாத்தாவாகிவிட்டார்கள். இன்னமும் பட்டாவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இந்தத் தாலூகாவில் நிறைய.

ஆகவே, 'நாங்க காத்திருக்கலையா?' என்று அந்தப் பாட்டி கேட்டால் வாயைத் திறக்க முடியாதுதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை அந்தப் பாட்டியிடம் மரியாதையோடு சொல்லலாம். 'அன்னிக்கு லயமே காத்திருந்தது, பாட்டி. இன்னிக்கு இவ ஒருத்தி மட்டும் காத்திருக்கா.' பக்கத்துக் காம்பிராவிலும் அதே கவலை, எதிர்க் காம்பிராவிலும் அதே கவலை என்றால் அதில் வெட்கம் இருக்காது. பேசிச் சிரித்து ஆற்றிக்கொள்ளலாம். இந்தப் பெண்ணின் வகுப்புத் தோழிகள் கோவையிலும் திருச்சியிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருத்திக்கு இடம் கிடைத்துவிட்டால் அதைப் போனில் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, தலையணையில் முகம் புதைத்துக்கொள்கிறது. மழை பிடித்தால் கரண்ட் போகும், டவர் போகும். 'பதில் வந்து, நேரத்துக்குள்ள பணம் கட்டாம சீட்டு போயிடுமோ' என்ற பயம் வேறு. சமவெளியில் இருப்பவர்களுக்கு இல்லாத கூடுதல் வாதம் இது!

உடம்புக்கு என்ன செய்யலாம்?

சித்த வைத்தியத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று சொல்வோம். பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி என்று உடம்பில் தானாக எழும் வேகங்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் பாடத்தின் அரிச்சுவடி. அந்தப் பதினான்கில் ஒன்று எது தெரியுமா? கண்ணீர்! சிறுநீரை அடக்காதே என்று சொல்லும் அதே மூச்சில் கண்ணீரை அடக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்கள். எனவே, பிள்ளை அழுதால், 'இதுக்கெல்லாமா அழுவாங்க?' என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டாம். அழுது முடித்ததும் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பாடு. பசியில்லை என்றால் கஞ்சியாவது, ரசம் சாதமாவது. வெறும் வயிற்றில் தூக்குவாளி தூக்குவாளியாகக் கறுப்பு டீ குடிப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய வியாதி. தேயிலை ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன் என்று தோட்டத்துக்காரர்கள் கோபிக்க வேண்டாம். தூக்கம் வராத பிள்ளைக்கு மாலை நான்கு மணிக்குமேல் டீ, காபி இரண்டும் வேண்டாம்.

வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல் நல்லது. அடைமழை நாளில் வேண்டாம். வெயில் எட்டிப் பார்க்கும் நாளாகப் பார்த்து, வெந்நீரில். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். தினமும் அரை மணி நேரமாவது நடக்கட்டும். கூடலூர்ப் பக்கத்தில் யானை நடமாட்டம் இருப்பதால் பட்டப்பகலில், துணையோடு நடக்கட்டும்.

'ஏதாச்சும் லேகியம் கொடுங்களேன்' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமுக்கரா, வல்லாரை எல்லாம் நல்ல மருந்துகள்தான். ஆனால் கடையில் கேட்டு வாங்கித் தானாகச் சாப்பிடாதீர்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அமுக்கராவை வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கும் தூக்க மாத்திரை அதைவிட ஆபத்து.

போன் விஷயம். நிமிஷத்துக்கு ஒரு தடவை மெயிலைத் திறந்து பார்ப்பது அரிப்பைச் சொறிவது மாதிரி. சொறியச் சொறிய அரிப்பு கூடும். காலை பதினோரு மணி, மாலை ஐந்து மணி என்று இரண்டு வேளை பார்த்தால் போதும். போடுகிற எல்லா விண்ணப்பத்துக்கும் எண், தேதி, கட்டின ரசீது, பதில் வரவேண்டிய நாள் என்று ஒரே நோட்டில் எழுதி வைக்கட்டும். ஸ்பாம் பெட்டியையும் ஒரு தடவை புரட்டட்டும். டவர் கிடைக்காத வீடாயிருந்தால், கூடலூரிலோ கோவையிலோ இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடலாம். சொன்ன தேதி தாண்டிப் பத்து நாள் ஆனால், மரியாதையாக ஒரு மெயில், ஒரு போன். அது உரிமைதான், கெஞ்சல் இல்லை.

கையில் ஒரு வேலை

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற பேராசிரியை, காத்திருப்பதைப் பற்றியே பல வருஷமாக ஆராய்ச்சி செய்கிறார். வக்கீல் பரீட்சை எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்தவர்களை அவர் குழு தொடர்ந்து கவனித்தது. 'கவலைப்படாம இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போன்ற உபாயங்கள் பெரிதாக உதவவில்லை என்று 2016-ல் எழுதினார்கள். இன்னொரு ஆச்சரியம்! காத்திருக்கும்போது கவலைப்பட்டவர்கள், கெட்ட முடிவு வந்தபோது அதைத் தாங்கிக்கொண்டார்கள்; நல்ல முடிவு வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டார்கள். ஆகவே, கொஞ்சம் கவலைப்படுவது நோயல்ல. 'கவலையே படாதே' என்று போதிப்பதால் லாபமும் இல்லை. பின்னால் 2019-ல் அதே குழு சொன்னது: நேரம் போவதே தெரியாமல் மூழ்கடிக்கும் வேலை ஒன்று கையில் இருந்தால் காத்திருப்பு லேசாகிறது.

டி.வி. பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது. கொஞ்சம் சிரமமும் கொஞ்சம் திறமையும் கேட்கும் வேலையாக இருக்க வேண்டும். தையல், படம் வரைதல், கம்ப்யூட்டரில் புள்ளியியல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது... எங்கள் ஊரில் சைக்காலஜிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. தேவர்சோலையிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ், மலையாளம், கன்னடம், பணியர் மொழி என்று நாலு பாஷை புழங்குகிறது. நாளைக்கு இங்கே வந்து ஆலோசனை சொல்லப் போகிறவர் இவற்றைக் காதால் கேட்டுப் பழக வேண்டாமா? 'நெஞ்சடைப்பு', 'தலை பாரம்', 'காத்து சேட்டை' என்று நம் ஜனங்கள் எந்தெந்த வார்த்தையில் மனக்கஷ்டத்தைச் சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பாடம் அது.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை

பிள்ளைகளைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டுப் போனால் நியாயமாகாது. விண்ணப்பக் கட்டணத்தை வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களுக்குச் சில கடமைகள் உண்டு. முடிவு இந்தத் தேதியில் என்று விண்ணப்பத்திலேயே போடுங்கள். தள்ளிப்போனால் தள்ளிப்போனதைச் சொல்லுங்கள். காத்திருப்போர் பட்டியலில் வைத்தால் எத்தனையாவது எண் என்று சொல்லுங்கள். இடம் கிடைக்காதவர்களுக்கும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். கிடைத்தவர்களுக்கு மட்டும் சேதி அனுப்பிவிட்டு மற்றவர்களை வாய்மூடித் தொங்கவிடுவது எந்த ஊர் நாகரிகம்? அதுவும் மனித மனத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் துறைகளே இதைச் செய்தால் என்ன சொல்வது! பணம் கட்ட 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று கெடு வைப்பவர்கள், மழையில் கரண்ட் இல்லாத மலையூர்ப் பிள்ளைகளையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும்.

இந்தப் பிள்ளைகள் நமக்கு வேண்டும் என்பதால்தான் இத்தனை வலியுறுத்துகிறேன். நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. அதில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. நோய்க்குத் தக்கபடி இந்த இடைவெளி 70 சதவீதத்திலிருந்து 92 சதவீதம் வரை. 2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம், 'மனநல வல்லுநர்' என்ற பட்டியலில் சித்தாவில் சிறப்பு மருத்துவம் மேற்படிப்பு முடித்தவர்களையும் சேர்த்திருக்கிறது. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூலில் பதினெட்டு வகைக் கிரிகை பேசப்படுகிறது. எங்கள் மரபுக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. ஆனாலும் சொல்கிறேன், சூரணத்தால் மட்டும் தீராத கஷ்டங்கள் உண்டு. ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்கப் பயிற்சி பெற்ற காது வேண்டும். அப்படி ஒரு காது நாளைக்கு இந்த மலைக்கு வரவேண்டுமென்றால், அது இன்றைக்கு உங்கள் வீட்டில் நொந்துபோகக் கூடாது.

எப்போது உஷாராக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், பிடித்த எதிலும் ஆசையில்லாமல் ஒடுங்கிப் போயிருந்தால், 'நான் எதுக்கு இருக்கேன்' என்கிற மாதிரிப் பேச்சு ஒரு தடவை வந்தாலும், 'சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எடுத்த எடுப்பில் அது முடியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கியது. ராத்திரி பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பதில் 'இல்லை' என்றும் வரலாம். எல்லாம் இலவு காத்த கிளியாகப் போனதே என்று அன்றைக்கு வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள். 'அப்பவே சொன்னேன்' என்ற வசனத்தையும் விழுங்கிவிடுங்கள். இடம் கிடைக்காததற்கு இடம் குறைவாக இருப்பதே பாதிக் காரணம். ஒரு வாரம் விடுங்கள். பிறகு, அடுத்த வருஷம் மறுபடி போடுவதா, சமூகப்பணிப் படிப்பா, ஒரு வருஷம் வேலை பார்ப்பதா என்று மூன்று வழியையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். முடிவைப் பிள்ளை எடுக்கட்டும்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள், போதும். இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். மழையைப் பற்றிப் பேசுங்கள், தேயிலை விலையைப் பற்றிப் பேசுங்கள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளை இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிடும். நான் எழுதித் தரும் எந்தச் சூரணத்தைவிடவும் அது நல்ல மருந்து!